கெர்னல் கார்டைப் பார்த்துவிட்டது, பெயர்தான் தெரியவில்லை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். வீட்டில் கிடந்த பென்டியம் 2 கணினியைத் தூசி தட்டி எடுத்து ஃப்ரீபிஎஸ்டி 4.11 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஐஎஸ்ஏ என்ற பழைய வகைக் கார்டு ஸ்லாட்டில் ஒரு 56கே இன்டர்னல் மோடம். அதே கணினியில் விண்டோஸ் 98 போட்டால் மோடம் ஒழுங்காக டயல் செய்கிறது. ஃப்ரீபிஎஸ்டி பூட் ஆகும்போது மட்டும் ‘அன்நோன்0’ என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியிலேயே மோடத்தின் பெயர், போர்ட் (கார்டோடு பேசும் முகவரி, 16 அடிமான ஹெக்ஸ் எண்ணில்) 3இ8 முதல் 3இஎஃப் வரை, ஐஆர்கியூ (கார்டு பிராசசரைக் கூப்பிடும் இன்டரப்ட் கம்பியின் எண்) 5 என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் சீரியல் போர்ட்டுகளைக் கவனிக்கும் சியோ டிரைவர் அதைத் தொடவே இல்லை. “இந்த மோடத்துக்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிரைவர் ஏற்கெனவே உங்கள் கெர்னலுக்குள், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குள் இருக்கிறது, எங்கேயும் தேட வேண்டாம். குறைவது அந்த டிரைவரின் பட்டியலில் ஒரே ஒரு வரி. அந்த வரியைச் சேர்த்துக் கெர்னலை மறுபடி கம்பைல் செய்தால் போதும். ஆனால் எந்த வரி, ஏன் அந்த வரி என்று புரிந்துகொண்டு செய்வது நல்லது. வேறு கார்டு, வேறு ஃப்ரீபிஎஸ்டி என்று மாறும்போது அந்தப் புரிதல்தான் கை கொடுக்கும். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், டைப் செய்யும்போது நீங்கள் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ‘அன்நோன்’ வரி உண்மையில் நல்ல செய்தி. கெர்னல் கார்டிடம் பேசியிருக்கிறது, கார்டு பதில் சொல்லியிருக்கிறது, தன் பெயரைக்கூடச் சொல்லியிருக்கிறது. போர்ட்டும் இன்டரப்ட்டும் ஒதுக்கியாகிவிட்டது. கார்டு செத்துப்போயிருந்தாலோ ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருந்தாலோ அந்த வரியே வந்திருக்காது. கெர்னல் பார்த்துவிட்டது, இது யார் என்றுதான் தெரியவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு நல்ல செய்தியும் அந்த வரியிலேயே இருக்கிறது. 3இ8 முதல் 3இஎஃப் வரை என்றால் எட்டு முகவரிகள். பிசியில் ஒரு சீரியல் போர்ட் சிப் பிடித்துக்கொள்ளும் இடம் சரியாக அந்த எட்டுதான். 3இ8 என்பது காம்3 என்று எல்லோருக்கும் தெரிந்த முகவரி. ஆகவே உங்கள் கார்டில் 16550 வகைச் சீரியல் சிப், அல்லது அதைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு சிப் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இன்டர்னல் மோடம் என்பது என்ன? ஒரு சீரியல் போர்ட்டும் அதன் வாலில் ஒரு மோடமும் ஒரே பலகையில் இருப்பது, அவ்வளவுதான். கெர்னல் பேச வேண்டியது அந்தச் சீரியல் போர்ட்டிடம் மட்டும். டயல் செய்வது, வேகத்தைப் பேசி முடிப்பது, பிழை திருத்துவது எல்லாம் கார்டுக்குள் இருக்கும் சிப்புகளின் வேலை. அதனால்தான் ‘மோடம் டிரைவர்’ என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

வின்மோடம் என்று சொல்லப்படும் வகை வேறு. அதில் காசு மிச்சம் பிடிக்க அந்தச் சிப்புகளில் பாதியைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டு, வேலையைக் கணினியின் பிராசசர் தலையில் கட்டிவிடுவார்கள். சிலவற்றில் சீரியல் சிப்பே இருக்காது. அதற்கு அந்தச் சிப்புக்கென்றே எழுதிய சாஃப்ட்வேர் வேண்டும். லூசென்ட் சிப் உள்ளவற்றுக்கு ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ் தொகுப்பில் எல்டிஎம்டிஎம் என்று ஒன்று இருந்தது. பட்டியலில் வரி சேர்க்கும் வைத்தியம் வின்மோடத்துக்குப் பலிக்காது. உங்களுடையது அந்த வகை இல்லை என்பதற்கு அந்த எட்டு முகவரிகள் நல்ல அறிகுறி. முழு நிச்சயம் கடைசியில் சோதிக்கும்போது கிடைக்கும்.

சரி, கெர்னல் கார்டைப் பார்ப்பது எப்படி நடக்கிறது? இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. பொறுமையாகவே சொல்கிறேன்.

ஐஎஸ்ஏ என்பது 1981ல் ஐபிஎம் பிசியோடு வந்த பஸ். எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு இருக்கிறது என்று கேட்க அதில் வழியே கிடையாது. ஸ்லாட்டுக்கு எண் இல்லை, எல்லாக் கார்டுகளும் ஒரே கம்பிகளில் தொங்குகின்றன. முகவரியையும் இன்டரப்ட்டையும் ஜம்பர் வைத்து நாமே முடிவு செய்ய வேண்டும். இரண்டு கார்டுகள் ஒரே முகவரியில் அமர்ந்துவிட்டால் இரண்டும் கெட்டது. கெர்னலோ ஒவ்வொரு முகவரியிலும் தட்டிப் பார்த்து யார் இருக்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டும். அந்தத் தட்டலிலும் ஆபத்து உண்டு. ஒரு டிரைவர் தன் கார்டைத் தேடி நீட்டிய கை என்இ2000 நெட்வொர்க் கார்டின் மேல் பட்டு, கணினி அப்படியே உறைந்துபோவது அந்தக் காலத்தில் சகஜம்.

1993ல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஐஎஸ்ஏ பிளக் அண்ட் பிளே விதிமுறையைக் கொண்டுவந்தன. பஸ்ஸை மாற்ற முடியாது, ஏனென்றால் பழைய கார்டுகளும் அதே கணினியில் வேலை செய்தாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே கம்பி, யாருக்கும் தனி எண் இல்லை. இந்த நிலையில் கார்டுகளை எப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது?

முதலில் கூப்பிட ஒரு இடம் வேண்டும். அதற்கு 279 என்ற போர்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அது பிரிண்டர் போர்ட்டின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர். அதை வாசிக்க மட்டும்தான் முடியும், அதில் எழுதினால் பிரிண்டருக்கு ஒன்றும் ஆகாது. பழைய கணினிகள் எதுவும் அங்கே எழுதியதும் இல்லை. ஆகவே அங்கே எழுதப்படும் எதையும் பிளக் அண்ட் பிளே கார்டுகள் தங்களுக்கான செய்தி என்று எடுத்துக்கொள்ளலாம். தரவு எழுத இரண்டாவது போர்ட் ஏ79. இதுவும் சும்மா போட்ட எண் இல்லை. பழைய கார்டுகள் பல முகவரியின் கடைசி 10 பிட்டுகளை மட்டும்தான் பார்க்கும். ஏ79ன் கடைசி 10 பிட்டுகளை எடுத்தால் வருவது அதே 279. எனவே விவரம் தெரியாத பழைய கார்டு ஒன்று ஒட்டுக்கேட்டாலும் அதற்கும் இது பிரிண்டர் ஸ்டேட்டஸாகவே தெரியும். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

கெர்னல் 279ல் 6ஏ என்று தொடங்கும் 32 பைட்டுகளை வரிசை பிசகாமல் எழுதும். இதுதான் சாவி. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கார்டுகள் எல்லாம் அந்த வரிசையைக் கேட்டதும் விழித்துக்கொள்ளும். தற்செயலாக வேறு ஏதோ நிரல் அந்தப் போர்ட்டில் எழுதி இந்த 32 பைட்டுகளும் சரியாக அமைந்துவிட வாய்ப்பே இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளம்.

இப்போது எல்லாக் கார்டுகளும் ஒரே நேரத்தில் காது கொடுத்துக் காத்திருக்கின்றன. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் 72 பிட் அடையாளம் பொறித்திருக்கிறது. அதில் 32 பிட் தயாரிப்பாளர் குறியீடும் மாடல் எண்ணும், 32 பிட் வரிசை எண், மீதி 8 பிட் கூட்டிச் சரிபார்க்கும் எண். கெர்னல் ஒவ்வொரு பிட்டாகக் கேட்கும், ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு முறை வாசிக்கும். அந்த இடத்தில் 1 வைத்திருக்கும் கார்டு முதல் வாசிப்பில் 55, இரண்டாவதில் ஏஏ என்று பதில் போடும். 0 வைத்திருக்கும் கார்டு வாயைத் திறக்காது, கம்பியை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும். வேறு யாரோ 55, ஏஏ என்று சொல்வது காதில் விழுந்தால் இந்தச் சுற்றிலிருந்து தானாக ஒதுங்கிவிடும். 72 பிட்டும் முடியும்போது களத்தில் ஒரே ஒரு கார்டுதான் மிஞ்சும். கெர்னல் அதற்கு 1 என்று எண் கொடுத்து உட்கார வைக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம், அடுத்த கார்டுக்கு 2. இப்படி எவரும் பதில் சொல்லாத சுற்று வரும்வரை. ஒரே மாடலில் இரண்டு மோடம் போட்டிருந்தாலும் வரிசை எண் வேறு என்பதால் பிரிந்துவிடும்.

இதற்குப் பிறகு கெர்னல் ஒவ்வொரு கார்டையும் எண் சொல்லிக் கூப்பிட்டு விவரம் கேட்கும். கார்டு தன் பெயரை எழுத்தாகச் சொல்லும், எந்தெந்தப் போர்ட்டிலும் எந்தெந்த ஐஆர்கியூவிலும் வேலை செய்ய முடியும் என்று பட்டியல் தரும். கெர்னல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒதுக்கும். உங்கள் கணினியில் இது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நின்றுபோனது இதற்கு அடுத்த படியில்தான்.

அடுத்த படியில் ஒவ்வொரு டிரைவரும் வந்து, “இந்தக் கார்டின் ஐடி என் பட்டியலில் இருக்கிறதா?” என்று பார்க்கும். சியோ டிரைவரின் மூல நிரலுக்குள் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. பொதுவான சீரியல் போர்ட்டுக்கு பிஎன்பி0500, 16550 போர்ட்டுக்கு பிஎன்பி0501, அப்புறம் தெரிந்த மோடங்களின் ஐடிகள் வரிசையாக. உங்கள் மோடம் ‘நான் பிஎன்பி0501க்கு இணக்கமானவன்’ என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் அதோடு காரியம் முடிந்திருக்கும். பல தயாரிப்பாளர்கள் அதைச் சொல்லாமல் தங்கள் சொந்த ஐடியை மட்டும் போட்டுவிட்டார்கள். அந்த ஐடி பட்டியலில் இல்லை, அதனால் எந்த டிரைவரும் உரிமை கோரவில்லை, அதனால் ‘அன்நோன்’.

விண்டோஸ் 98ல் மட்டும் எப்படி ஓடியது என்ற உங்கள் சந்தேகத்துக்கும் பதில் இதுதான். விண்டோஸும் இதே மாதிரிப் பட்டியலைத்தான் பார்க்கிறது. ஆனால் அதன் பட்டியல் ஐஎன்எஃப் என்ற சாதாரண எழுத்து ஃபைல்களில் இருக்கிறது. மோடம் பெட்டியோடு வந்த ஃபிளாப்பியிலோ சிடியிலோ அந்த ஃபைல் இருக்கும், அதில் உங்கள் கார்டின் ஐடி இருக்கும். ‘டிரைவர் டிஸ்க்’ என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் இந்த மாதிரி மோடங்களுக்கு இருந்தது பெரும்பாலும் ஒரு அறிமுகக் கடிதம்தான். ஃப்ரீபிஎஸ்டி 4ல் அந்தப் பட்டியல் கெர்னலுக்குள்ளேயே கம்பைல் ஆகிவிடுகிறது, வெளியிலிருந்து நீட்ட வழியில்லை.

லினக்ஸ் இதே சிக்கலை வேறு மாதிரி கையாண்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2.2 கெர்னல் காலத்தில் ஐஎஸ்ஏபிஎன்பிடூல்ஸ் என்ற வெளி நிரல் கார்டை எழுப்பி முகவரி கொடுக்கும். பிறகு செட்சீரியல் கட்டளையால் சீரியல் டிரைவரிடம் அந்த முகவரியைச் சொல்ல வேண்டும். செட்சீரியல் கார்டின் முகவரியையே மாற்றும் என்று நிறையப் பேர் நினைத்தார்கள். அது கார்டைத் தொடுவதே இல்லை, கெர்னலின் மனதில் இருப்பதை மட்டும் மாற்றும். 2001 ஜனவரியில் வந்த 2.4லிருந்து பிளக் அண்ட் பிளே கெர்னலுக்குள் வந்தது. அதன் சீரியல் டிரைவரிலும் ஐடி பட்டியல் உண்டு. ஆனால் பட்டியலில் இல்லாத கார்டு வந்தால் அது ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்கிறது: கார்டு சொல்லும் பெயரில் ‘மோடம்’, ‘ஃபேக்ஸ்’, ‘56கே’, ‘33.6’ மாதிரி ஏதாவது சொல் இருக்கிறதா, அதோடு வழக்கமான நான்கு காம் முகவரிகளில் ஒன்றில் எட்டு முகவரி நீளத்துக்கு இடம் கேட்கிறதா என்று பார்க்கும். இரண்டும் பொருந்தினால் சீரியல் போர்ட் என்றே எடுத்துக்கொள்ளும். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. உங்கள் கார்டு லினக்ஸில் ஒரு வரிகூட மாற்றாமல் வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி 4 அப்படி ஊகிப்பதில்லை, சரியான ஐடி கேட்கும்.

சரி, அந்த ஐடியைக் கண்டுபிடிப்போம். ரூட்டாக, அதாவது நிர்வாகியாக இருந்து பிஎன்பிஇன்ஃபோ என்று அடியுங்கள். கார்டு கார்டாக நீளமாக விவரம் கொட்டும். அதில் மோடத்தின் பகுதியைத் தேடி, ‘லாஜிக்கல் டிவைஸ் ஐடி’ என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும், அதற்குப் பக்கத்தில் எட்டு இலக்க ஹெக்ஸ் எண் ஒன்றும் இருக்கும். மேலே ‘வென்டர் ஐடி’ என்றும் ஒன்று இருக்கும், அது முழுக் கார்டின் ஐடி. மோடம் மட்டும் உள்ள கார்டில் இரண்டும் வழக்கமாக ஒன்றாகவே இருக்கும். மோடமும் சவுண்டும் சேர்ந்த கார்டு என்றால் வேறுபடும், அப்போது 4.11க்கு லாஜிக்கல் டிவைஸ் ஐடிதான் கணக்கு. அதே பகுதியில் கார்டு கேட்கக்கூடிய போர்ட், ஐஆர்கியூ பட்டியலும் வரும். அதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த எட்டு இலக்க எண் எப்படி வந்தது என்று ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் பிறகு தப்பே வராது. யூஎஸ்ஆர்2030 என்ற ஐடியை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்து வரிசையில் யூ 21வது, எஸ் 19வது, ஆர் 18வது. ஒவ்வொன்றையும் ஐந்து பிட்டில் எழுதினால் 10101, 10011, 10010. முன்னால் ஒரு 0 சேர்த்து நான்கு நான்காகப் பிரித்தால் 0101 0110 0111 0010. ஹெக்ஸில் 5672. பின்னால் மாடல் எண் 2030. ஆக கார்டு அனுப்பும் பைட்டுகள் 56, 72, 20, 30. ஆனால் இன்டெல் பிராசசர் சிறிய பைட்டை முன்னால் வைத்துப் படிப்பதால், அது ஒரே எண்ணாக மாறும்போது தலைகீழாகி 30207256 என்று ஆகிவிடும். பட்டியலில் எழுத வேண்டியது இந்தத் தலைகீழ் எண். நான் முதல்முறை ஒரு மோடத்துக்கு இதைச் செய்தபோது நேர்வரிசையிலேயே எழுதிவிட்டேன். கம்பைல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முடிந்தது, மோடம் மட்டும் அப்படியே ‘அன்நோன்’. இரண்டு நாள் போயிற்று. பிஎன்பிஇன்ஃபோ அந்தத் தலைகீழ் எண்ணையே அச்சிட்டுத் தருகிறது. அதை அப்படியே பிரதி எடுங்கள், நீங்களாகக் கணக்குப் போட்டு எழுத வேண்டாம். மேலே சொன்ன கணக்கு சரிபார்க்க மட்டும்.

அடுத்து மூல நிரல். 4.11ல் யூஎஸ்ஆர், எஸ்ஆர்சி, சிஸ், ஐஎஸ்ஏ என்ற டைரக்டரிகளில் வரிசையாக இறங்கினால் அங்கே சியோ.சி என்ற ஃபைல் இருக்கும். அதில் சியோ_ஐடிஸ் என்று தேடுங்கள். பட்டியல் கண்ணில் படும். ஒவ்வொரு வரியும் சுருள் அடைப்புக்குள் ஒரு ஹெக்ஸ் எண், காற்புள்ளி, பிறகு மேற்கோளுக்குள் ஒரு பெயர் அல்லது பெயர் இல்லை என்பதற்கு ‘நல்’ என்று இருக்கும். ஏதாவது ஒரு மோடத்தின் வரியைப் பிரதி எடுத்து அதன் கீழேயே ஒட்டி, எண்ணை மாற்றுங்கள், ‘நல்’ இருக்கும் இடத்தில் வேண்டுமானால் மேற்கோளுக்குள் ஒரு பெயர் போடுங்கள். பெயர் உங்கள் விருப்பம், கொடுத்தால் பூட் ஆகும்போது திரையில் தெரியப்போவது அதுதான். ஒரே எச்சரிக்கை: பட்டியல் பூஜ்யம் உள்ள வரியில் முடிகிறது. கெர்னல் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிடும். உங்கள் வரி அதற்கு மேலே இருக்க வேண்டும்.

கம்பைல் செய்வதற்கு முன் இப்போது ஓடும் கெர்னலைத் தனியாக ஒரு பெயரில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். புதியதை நிறுவும்போது பழையது கெர்னல்.ஓல்ட் என்று தானாகவே சேமிக்கப்படும் என்பது உண்மை. ஆனால் அவசரத்தில் இரண்டு முறை நிறுவிவிட்டால் அந்த ஓல்டும் உங்கள் உடைந்த கெர்னலாக ஆகிவிடும். அப்புறம் ஐ386, கான்ஃப் என்ற இடத்தில் ஜெனரிக் என்ற கெர்னல் அமைப்பு ஃபைலைப் பிரதி எடுத்து வேறு பெயர் கொடுங்கள். வேறு எதையும் இப்போது மாற்றாதீர்கள். ‘கெர்னலைக் கொஞ்சம் மெலிதாக்கலாமே’ என்று தோன்றும், அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். கான்ஃபிக், மேக் டிபெண்ட், மேக், மேக் இன்ஸ்டால் என்று வழக்கமான வரிசையில் செய்து ரீபூட் செய்யுங்கள்.

எல்லாம் சரி என்றால் ‘அன்நோன்’ இருந்த இடத்தில் சியோ என்ற பெயரும் ஒரு எண்ணும் வரும், அதன் கீழே ‘டைப் 16550ஏ’ என்று ஒரு வரி. அந்த எண்ணைக் கவனியுங்கள். சியோ2, சியோ3 என்ற இடங்கள் ஜெனரிக்கில் ஏற்கெனவே எழுதி, முடக்கி வைக்கப்பட்டவை. அதனால் மோடம் நீங்கள் எதிர்பார்த்த எண்ணில் வராமல் 4ல்கூடப் போய் உட்காரலாம். முகவரி காம்3 ஆக இருப்பதால் சியோ2 என்றுதான் வரும் என்று நினைத்து, இல்லாத இடத்தில் மோடத்தைத் தேட வேண்டாம். எண் 4 என்றால் டெவ் டைரக்டரியில் அதற்கான கோப்பு இருக்காது. அங்கே போய் மேக்டெவ் ஸ்கிரிப்டால் குவா4, அதாவது சி, யூ, ஏ, ஏ, 4 என்ற பெயரில் உருவாக்குங்கள்.

‘கான்ட் அசைன் ரிசோர்சஸ்’ என்று முடியும் வேறு சில ‘அன்நோன்’ வரிகளும் உங்கள் திரையில் வரக்கூடும். பிஎன்பி0303, பிஎன்பி0501, பிஎன்பி0700 மாதிரி. அவை முறையே கீபோர்டு, மதர்போர்டின் காம் போர்ட், ஃபிளாப்பி. பழைய முறையில் அந்த டிரைவர்கள் முன்பே அவற்றை எடுத்துக்கொண்டுவிட்டதால், பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க நிரல்) இரண்டாவது முறை அறிமுகப்படுத்தும்போது இடம் இல்லை என்கிறது கெர்னல். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சியோ என்று வந்தும் வேலை செய்யாவிட்டால் சந்தேகப்பட வேண்டியது இன்டரப்ட். ‘கான்ஃபிகர்ட் ஐஆர்கியூ 5 நாட் இன் பிட்மேப் ஆஃப் புரோப்ட் ஐஆர்கியூஸ் 0’ என்று ஒரு வரி வந்தால் அர்த்தம் இதுதான்: கெர்னல் அந்தச் சிப்பை ஒரு இன்டரப்ட் அனுப்ப வைத்துப் பார்த்தது, 5ல் எதுவும் வந்து சேரவில்லை. ஐஎஸ்ஏவில் ஒரு இன்டரப்ட் கம்பியை இரண்டு கார்டுகள் பங்கிட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5ல் பழைய சவுண்ட் கார்டு உட்கார்ந்திருப்பது ரொம்பச் சாதாரணம். வழக்கப்படி காம்1ம் காம்3ம் ஐஆர்கியூ 4க்கும், காம்2ம் காம்4ம் ஐஆர்கியூ 3க்கும் மோதிக்கொள்ளும். காம்4ன் முகவரியான 2இ8 சில வீடியோ கார்டுகளோடும் மோதும்.

இதற்கு நான் எப்போதும் செய்வது ஒன்றுதான். மதர்போர்டில் இரண்டு காம் போர்ட் இருக்கும், இரண்டாவதில் எதுவும் செருகியிருக்காது. பயாஸுக்குள் போய் அந்த இரண்டாவதை முடக்கிவிடுங்கள். 2எஃப்8 முகவரியும் ஐஆர்கியூ 3ம் காலியாகும். மோடம் தயாரித்தவர்கள் எல்லோரும் எதிர்பார்த்த இடம் அது. கார்டை அங்கே உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினைகள் வரவே வராது. உங்கள் கார்டில் ஜம்பர்கள் இருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். அந்தக் கால மோடங்கள் சிலவற்றில் பிளக் அண்ட் பிளேயை அணைத்துவிட்டு நேராகக் காம்2 என்று ஜம்பரால் அமைக்க முடியும். முடிந்தால் கெர்னலைத் தொடவே வேண்டாம், சியோ1 தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பெரும்பாலான 56கே கார்டுகளில் அந்த வசதி இல்லை.

ஃப்ரீபிஎஸ்டி 3 வைத்திருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சில வரிகள். அங்கே கெர்னல் அமைப்பு ஃபைலில் கன்ட்ரோலர் பிஎன்பி0 என்ற வரி இருந்தால்தான் பிளக் அண்ட் பிளேயே விழிக்கும். பட்டியலின் பெயர் சியோபிஎன்பி_ஐடிஸ், அது ஐ386, ஐஎஸ்ஏ டைரக்டரியில் இருக்கும் சியோ.சியில். அங்கே கணக்கு வென்டர் ஐடிதான். கெர்னல் தானாக முகவரி தேர்ந்தெடுக்காது, பயாஸ் கொடுத்ததை ஏற்கும், அல்லது பூட் நேர அமைப்பில் பிஎன்பி கட்டளையால் கார்டு எண், போர்ட், ஐஆர்கியூ எல்லாம் நீங்களே சொல்ல வேண்டும். அதனால் பயாஸில் ‘பிளக் அண்ட் பிளே ஓஎஸ்’ என்ற கேள்விக்கு ‘நோ’ வைப்பது நல்லது. ‘யெஸ்’ என்றால் பூட் செய்யத் தேவையான கார்டுகளை மட்டும் அமைத்துவிட்டு, மற்றதை ஆப்பரேட்டிங் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்று பயாஸ் விட்டுவிடும்.

இனி சோதனை. டயலர் குழுவில் உங்கள் பயனர் பெயர் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ரூட்டாகவே சோதியுங்கள். சியூ நிரலை மோடத்தின் டெவ் பெயரோடும் 115200 வேகத்தோடும் திறந்து, ஏடி என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே என்று பதில் வந்தால் கார்டில் உண்மையான மோடம் இருக்கிறது, முகவரி சரி, இன்டரப்ட்டும் சரி. அடித்த எழுத்துகள் உடனே வராமல் பல நொடிகள் கழித்து வந்தால் முகவரி சரி, இன்டரப்ட் தவறு என்று அர்த்தம், மேலே சொன்ன காம்2 வைத்தியத்துக்குப் போங்கள். டெவ் திறக்கிறது, சியோ 16550ஏ என்றும் சொல்கிறது, ஆனால் ஏடிக்கு எவ்வளவு நேரமானாலும் பதிலே இல்லை என்றால், சீரியல் சிப் மட்டும் வைத்து மூளையைக் கணினியிடம் விட்ட கார்டாக இருக்கலாம். அப்படியானால் வருத்தம்தான், இந்த வழியில் அதை எழுப்ப முடியாது.

ஓகே வந்துவிட்டால் டயல் இணைப்புக்கான அமைப்பு ஃபைலான பிபிபி.கான்ஃபில் டிவைஸ் வரியை அந்தப் பெயருக்கு மாற்றுவது மட்டும்தான் பாக்கி. டயல் டோன் இல்லை என்று மோடம் மறுத்தால் ஏடிஎக்ஸ்3 கொடுத்துப் பாருங்கள், டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். இன்னொரு மோடத்தோடு நேருக்கு நேர் இணைக்கத் திட்டம் என்றால் 56கே எதிர்பார்க்காதீர்கள். அந்த வேகத்துக்கு எதிர்முனை டிஜிட்டலாகத் தொலைபேசி வலையில் இணைந்திருக்க வேண்டும். இரண்டு சாதாரண மோடங்களுக்கு நடுவே உச்சம் 33.6கே.

பிஎன்பிஇன்ஃபோவில் மோடம் பகுதி முழுவதையும், புதிய கெர்னலின் பூட் செய்திகளில் சியோ என்று வரும் எல்லா வரிகளையும் எனக்கு அனுப்புங்கள். கார்டின் பலகையில் இருக்கும் பெரிய சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்துகளையும் சேர்த்து எழுதினால் அது எந்த வகை மோடம் என்று சோதனைக்கு முன்பே சொல்லிவிடலாம்.